இரண்டு அச்சங்களும் நாவல் இலக்கியமும்

2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் திகதி, ஸ்கொத்லாந்தின் கிளென்ஈகிள்ஸ் என்னுமிடத்தில் கைத்தொழில் வளம் பெற்ற எட்டு நாடுகளின் தலைவர்கள் கூடினர். தலைமை தாங்கியவர் அப்போதைய பிரித்தானியப் பிரதமர் ரொனி பிளேயர். அம்மகாநாட்டின் முதன்மைப் பொருள்களாக அவர் தெரிந்தெடுத்தவை இரண்டு: ஒன்று ஆபிரிக்காவின் வறுமை; மற்றொன்று காலநிலை மாற்றம். மறுநாட் காலை இலண்டனின் நிலக்கீழ்ப் புகையிரதங்கள் மூன்றிலும் பஸ் ஒன்றிலும் குண்டுகள் வெடித்தன. 52 பேர் மாண்டனர்; எழுநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பிரதமர் இலண்டனுக்கு விரைந்து சென்று, அன்று மாலையே மகாநாட்டுக்கு மீண்டார். ஈற்றிலே காலநிலை பற்றிய செயற்றிட்டம் ஒன்று வெளியாயிற்று. எந்த நாட்டையும் எந்த அளவுக்கும் கட்டுப்படுத்தாத திட்டம் அது. குண்டுகள் வெடித்திராவிடினும் அது அவ்வாறே அமைந்திருத்தல் கூடும். கியோத்தோ உடன்படிக்கையை 2001இலேயே உதறிவிட்ட அமெரிக்காவும் அங்கு வீற்றிருந்ததை நாம் மறத்தலாகாது. ஆயினும், அந்நாள்களில் உலகத்தின் கண் எத்திசையில் திரும்பிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கிழமையில், ஒரே நாட்டில், இரண்டு அச்சங்கள் எதிரெதிரே வந்து நின்றன. ஒன்றுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, இடமும் நேரமும் இருந்தன. மற்றையதற்கு அவை எவையும் இருக்கவில்லை. எதற்கு அஞ்சுவது, எந்த அளவுக்கு அஞ்சுவது என்பவற்றைத் தனிமனிதன் தன் உள்ளத்தின் தனிமையிலே தீர்மானிப்பதில்லை. அவை சமுதாயத்தாற் பயிற்றப்படுவன. அப்பயிற்சியிலே செய்தித்தாளுக்கும் பாராளுமன்றத்துக்கும் பங்குண்டு என்பதை யாவரும் அறிவர். இலக்கியத்துக்கும் பங்குண்டு என்பதை நாம் அத்துணை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அப்பங்கு யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் கணக்கை நோக்குவோம். 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களில் 2,977 பேர் கொல்லப்பட்டனர். 2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவைத் தகித்த வெப்ப அலையினால் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர் எனப் பின்னர் ஆய்வாளர் கணித்தனர். பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர். அவருட் பெரும்பாலார் முதியோர். நகரத்து மாடிவீடுகளிலே தனித்து வாழ்ந்தோர். முன்னதன் நினைவுநாள் உலகெங்கும் ஆண்டுதோறும் அனுட்டிக்கப்படுகின்றது. பின்னதன் திகதியைக் கூற வல்லார் எத்தனை பேர்? அதற்குத் திகதியே இல்லை. 2004 ஜனவரியில் பிரித்தானிய அரசாங்கத்தின் தலைமை விஞ்ஞான ஆலோசகர் டேவிட் கிங், காலநிலை மாற்றமே பயங்கரவாதத்தினும் பாரதூரமான ஆபத்து என 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். அவர் புரட்சிக்காரரல்லர், அரசின் சம்பளம் பெற்ற இரசாயன விஞ்ஞானி. 2030ஆம் ஆண்டுக்கும் 2050ஆம் ஆண்டுக்கும் இடையில் போசாக்கின்மை, மலேரியா, வயிற்றோட்டம், வெப்பத் தாக்கம் ஆகிய நான்கினால் மட்டுமே ஆண்டொன்றுக்கு 250,000 மேலதிக மரணங்களைக் காலநிலை மாற்றம் விளைவிக்கும் என 2014இல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதே நிறுவனத்தின் மற்றொரு மதிப்பீட்டின்படி, 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் கொவிட் நோயோடு தொடர்புற்று வழமைக்கு மேலாக நிகழ்ந்த மரணங்கள் ஏறத்தாழ 149 இலட்சம்.

கணக்கு இவ்வளவே எனின், வாதமும் இவ்வளவோடு முடிந்துவிடும். ஆயின் பிணங்களை எண்ணி அச்சங்களை நிறுத்தல் முறையான ஆராய்ச்சியாகாது. நம் பக்கத்து நண்பர் சிலர் இந்தப் பிழையை விரும்பியே செய்கின்றனர். பயங்கரவாதம் என்பது ஏகாதிபத்தியம் கட்டிய பூச்சாண்டியே என்று அவர் கூறும்போது, குண்டு வெடித்த தெருவில் நின்றவனின் அச்சத்தை அவர் பொய்யாக்கிவிடுகின்றனர். இலங்கையில் வாழும் நாம் அவ்வாறு கூறல் இயலாது. பஸ்ஸில் ஏறுமுன் இருக்கையின் கீழ் குனிந்து பார்த்த தலைமுறை நம்முடையது. வேண்டுமென்றே செய்யப்படும் கொலை, மழையும் வெப்பமும் செய்யும் கொலையினின்றும் வேறானது. மனிதன் மனிதன்மீது வைத்துள்ள நம்பிக்கையை அது சிதைக்கின்றது. ஓர் அணுவாயுதம் தவறான கையிற் சேருமாயின் நேற்றைய கணக்கு நாளைக்குப் பயன்படாது என்ற வாதத்திலும் உண்மையுண்டு. ஆகவே, பயங்கரவாதத்துக்கு அஞ்சலாமா என்பது வினாவன்று. ஓர் அச்சத்தின் பெயரால் எதனையும் செய்ய உரிமை பெறும் அரசு, மற்றோர் அச்சத்தின் முன்னிலையில் கைகட்டி நிற்பது ஏன் என்பதே வினா.

பிரித்தானியாவையே எடுத்துக்கொள்வோம். 2005 ஜூலையிற் குண்டுகள் வெடித்தன. ஒன்பது மாதங்களுள், 2006 மார்ச்சில், புதிய பயங்கரவாதச் சட்டம் நிறைவேறிற்று. குற்றஞ்சாட்டாது ஒருவரை 28 நாள்வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. அரசாங்கம் கேட்டதோ 90 நாள். கிங் எழுதியது 2004 ஜனவரியில். காலநிலை மாற்றச் சட்டம் பிறந்தது 2008 நவெம்பரில். அச்சட்டம் நல்லதொரு சட்டமே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 2050ஆம் ஆண்டளவில் வெளியேற்றத்தை 80 வீதம் குறைப்பதாக அது சட்டபூர்வமாக உறுதி கூறிற்று. எனினும் ஒன்றுக்கு ஒன்பது மாதம், மற்றொன்றுக்கு ஐந்தாண்டளவு. ஒன்றன் பலன் மறுநாளே ஒரு மனிதனின் கையில் விலங்காக விழுந்தது. மற்றொன்றன் பலன் நாற்பது ஆண்டுகளுக்கு அப்பால் வைக்கப்பட்டது.

அமெரிக்காவின் அனுபவம் இதனினும் தெளிவானது. 2001இன் பின் அங்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் என ஒன்று உருவாக்கப்பட்டது. புயல், வெள்ளம், பூகம்பம் ஆகியவற்றுக்கு முகங்கொடுத்து வந்த அவசரகால நிருவாக நிறுவனம் 2003இல் அதனுள் அமிழ்த்தப்பட்டது. 2004 ஜூலையில், நியூ ஓர்லியன்ஸ் நகரைப் புயலொன்று மூழ்கடித்தால் என்ன நேரும் என அதிகாரிகள் கூடிக் கற்பனைப் பயிற்சி ஒன்றை நடத்தினர். அப்புயலுக்கு 'பாம்' எனப் பெயரும் இட்டனர். பதின்மூன்று மாதங்களின் பின், 2005 ஓகஸ்ற் 29இல், கற்றினா என்னும் மெய்யான புயல் வந்தது. அணைகள் உடைந்தன, நகரத்தின் ஏறத்தாழ 80 வீதம் நீரில் ஆழ்ந்தது, 1,300க்கு மேற்பட்டோர் இறந்தனர். லூசியானா மாநிலத்தின் தேசியக் காவற்படையினருள் ஆயிரக்கணக்கானோர் அவ்வேளை ஈராக்கில் இருந்தனர். அணைகள் உடைந்தமைக்கு அவற்றின் வடிவமைப்புக் குறைபாடே முதற் காரணம் என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஆகையாற் குற்றம் முழுவதையும் ஈராக் யுத்தத்தின் தலையிற் கட்டிவிடுதல் ஒவ்வாது. ஆயின் கார் இல்லாதவர், காசு இல்லாதவர், கறுப்பினத்தவர் கூரைகளின்மேல் நின்று கைகாட்டிய அந்நாள்களில், உலகின் அதிவல்லரசு எந்த ஆபத்துக்குத் தன்னை ஆயத்தஞ் செய்திருந்தது என்பது பிரத்தியட்சமாயிற்று.

காரணம் யாது? பகைவனுக்கு அஞ்சும் அச்சம் அரசின் உறுப்புகளோடு இயல்பாகவே பொருந்துகின்றது. பொலிஸ், படை, சிறை, சுங்கம் யாவும் முன்னரே இருப்பவை. அவற்றைப் பெருக்கினாற் போதும். அப்பெருக்கத்தாற் பொருளீட்டுவோரும் உளர். 2001இன் பின் அமெரிக்கா நடத்திய யுத்தங்களின் செலவு ஏறத்தாழ 8 இலட்சம் கோடி டொலர் என பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர் 2021இல் மதிப்பிட்டனர். இவ்வச்சம் எவருடைய சொத்தையும் தீண்டுவதில்லை. காலநிலை பற்றிய அச்சமோ அத்தகையதன்று. அது எண்ணெய்க் கிணற்றின் உரிமையாளனிடம் செல்கின்றது. நிலக்கரிச் சுரங்கத்துக்குச் செல்கின்றது. எவ்வளவு உற்பத்தி, எதற்காக உற்பத்தி, யாருக்காக உற்பத்தி என்று கேட்கின்றது. முதலாளித்துவச் சமுதாயம் தன்னைத்தானே விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டிய அச்சம் அது. பகைவன் வெளியே இருக்கின்றான் என்பது ஆறுதலான அச்சம். வாழ்முறையே பகை என்பது ஆறுதலற்ற அச்சம். முன்னதை ஆளும் வர்க்கம் விரும்பித் தழுவுவதிற் புதுமை எதுவும் இல்லை.

இவ்வுண்மையை ஆங்கில நாவல் நூறாண்டுக்கு முன்னரே கண்டிருந்தது. யோசெப் கொன்ராட் 1907இல் வெளியிட்ட நாவல், 'இரகசிய ஒற்றன்' எனப் பொருள்படும் தலைப்பினைக் கொண்டது. 1894 பெப்ரவரி 15இல் கிரீனிச் பூங்காவில் குண்டொன்று வெடித்து, அதனைக் கொண்டுசென்றவனே மாண்டான். அச்சம்பவமே நாவலின் வித்து. கொன்ராட்டின் கதையில், குண்டுவைக்கத் தூண்டுபவன் புரட்சிக்காரனல்லன். அந்நிய நாட்டுத் தூதரகத்து அதிகாரி. பிரித்தானியா கடுஞ்சட்டம் இயற்ற வேண்டுமெனின் மத்தியதர வகுப்பு நன்றாக அஞ்ச வேண்டும். அவ்வச்சத்தை உண்டாக்குவதே அவனது திட்டம். இறுதியிற் சிதறி மாய்பவன் உலக நடப்பு எதுவும் அறியாத பேதைப் பையன் ஒருவன். கொன்ராட் முற்போக்காளரல்லர், புரட்சிக்காரரை அவர் வெறுத்தார் என்பது நூலின் பக்கந்தோறும் தெரியும். இருந்தும், அச்சம் ஒரு கருவி, அதனை உற்பத்தி செய்வோர் உளர் என்ற உண்மையை அவரது கலை மறைக்கவில்லை. ஆசிரியரின் அரசியலைக் கடந்தும் யதார்த்தம் நூலினுட் புகுந்துவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நமது காலத்துக்கு வருவோம். 2001இன் பின் ஆங்கில உலகின் பெயர்பெற்ற நாவலாசிரியர் பலர் பயங்கரவாதத்தை விரைந்து கைக்கொண்டனர். ஜோன் அப்டைக் 2006இலும், டொன் டெலிலோ 2007இலும் இப்பொருளில் நாவல்கள் வெளியிட்டனர். ஆயின் நமது ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றவர் இயன் மக்கியூவன். இரண்டு அச்சங்களையும் பற்றித் தனித்தனி நாவல்கள் எழுதியவர் அவர். 2005இல் வெளியான 'சற்றர்டே', சனிக்கிழமை ஒன்றின் கதை. 2010இல் வெளியான 'சோலார்', சூரியசக்தி பற்றிய கதை. ஒரே கை, ஒரே மொழி, ஐந்தாண்டு இடைவெளி. தராசின் இரு தட்டுகளையும் ஒருவரே பிடித்திருக்கின்றார்.

'சற்றர்டே' 2003 பெப்ரவரி 15ஆம் திகதி நிகழ்கின்றது. ஈராக் யுத்தத்தை எதிர்த்து இலண்டன் வீதிகளில் இலட்சக்கணக்கான மக்கள் ஊர்வலஞ் சென்ற நாள் அது. கதாநாயகன் ஹென்றி பெரோன் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணன். அழகிய வீடு, அன்பான மனைவி, கலைத்திறன் வாய்ந்த மக்கள். விடியுமுன் விழித்துச் சாளரத்தின் அருகே நிற்கும் அவன், வானத்தில் தீப்பற்றிய விமானம் ஒன்றைக் காண்கின்றான். 2001இன் பின் அக்காட்சிக்கு ஒரே பொருள்தான் உண்டு என அவன் உள்ளம் துணிகின்றது. பின்னர் அது இயந்திரத்தில் தீப்பிடித்த சரக்கு விமானம் என்றும், எவரும் மடியவில்லை என்றும் தெரியவருகின்றது. அன்று பகல், ஊர்வலத்துக்கென மூடப்பட்ட தெருவில் அவனுடைய விலையுயர்ந்த கார் மற்றொரு காருடன் உரசுகின்றது. மற்றைய காரில் வந்தவன் பக்ஸ்ரர் என்னும் தெருச் சண்டியன். குணப்படுத்தவியலாத பரம்பரை நோய் அவனை அரித்துக்கொண்டிருக்கின்றது. மாலையில் அவன் கத்தியுடன் பெரோனின் வீட்டினுள் நுழைகின்றான். மகள் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றை ஓத, அவன் மனம் இளகுகின்றது. பின்னர் அவனைப் படிக்கட்டில் தள்ளி வீழ்த்துகின்றனர். அன்றிரவே பெரோன் அவனது மூளைக்குச் சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றுகின்றான்.

இந்நாவலின் சிறப்புகளை மறுத்தல் தகாது. தொழிலொன்றின் நுணுக்கத்தை, மூளையைத் திறக்கும் கைகளின் பழக்கத்தை, இத்துணைப் பொறுமையுடன் எழுதியோர் சிலரே. அச்சம் ஒரு மனிதனின் நாளைச் சிறுகச் சிறுக நிரப்பும் விதத்தையும் அவர் நுட்பமாகக் காட்டுகின்றார். யுத்தம் பற்றிய பெரோனின் தயக்கமும் வெறும் போலித்தனமன்று; சதாம் ஹுசைனின் சிறையிற் சித்திரவதைப்பட்ட ஈராக்கியப் பேராசிரியர் ஒருவர் அவனிடம் சிகிச்சை பெற்றவர். எனினும், கதையின் கட்டுக்கோப்பை நோக்குங்கள். வெளியே இலட்சோப இலட்சம் மக்கள். அவர் கதைக்குப் பகைப்புலம் மாத்திரமே. வீட்டினுள்ளே நற்குடும்பம்; அதனை நோக்கி வரும் ஆபத்து வறியவன் ஒருவனின் கத்தி. அறிவும் கலையும் மருத்துவமும் ஒன்றுகூடி அவனை வெல்கின்றன. உலக அரசியலின் பேரச்சம் ஒரு வீட்டின் கதவடிக்குச் சுருங்கி, அங்கே சுகமாகத் தீர்க்கப்படுகின்றது. நாவல் வெளிவந்த ஐந்து மாதங்களில் இலண்டனிற் குண்டுகள் வெடித்தமையால் வாசகர் பலர் அதனைத் தீர்க்கதரிசனம் எனக் கொண்டாடினர். தீர்க்கதரிசனம் ஒரு பக்கத்தில் இருந்தது என்பது மெய்யே. மறு பக்கத்தை எவரும் தேடவில்லை. தீப்பற்றிய விமானம் ஒன்றே பெரோனுக்குச் செய்தி. தீப்பற்றாது அதே வானத்தில் நாடோறும் எரிபொருளை எரித்துச் செல்லும் விமானங்களோ, வாயிலில் நிற்கும் தன் காரோ அவனுக்குச் செய்தியல்ல. அவற்றை ஆபத்தின் அடையாளமாகக் காணும் கண் அச்சாளரத்துக்கு இல்லை.

'சோலார்' நாவலில் அக்கண் திறக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்ப்போம். 2005இல் மக்கியூவன் கலைஞரும் விஞ்ஞானிகளும் சேர்ந்து சென்ற குழுவொன்றுடன் வடதுருவப் பகுதிக்குப் பயணஞ் செய்தவர். காலநிலை விஞ்ஞானத்தை அவர் நன்கு கற்றிருந்தார். ஆயின் விளைந்தது யாது? கதாநாயகன் மைக்கல் பேட், நோபல் பரிசு பெற்ற பௌதிக விஞ்ஞானி. பெருந்தீனிக்காரன், பெண்பித்தன், சோம்பேறி. இறந்துபோன இளம் ஆய்வாளன் ஒருவனின் குறிப்புகளைத் திருடித் தன்னதாக்கிச் சூரியசக்தி வியாபாரத்தில் இறங்குகின்றான். உலகம் வெப்பமடையவில்லை என்ற வதந்தி கேட்டுப் பங்காளி கலங்கும்போது, பேரழிவு நிச்சயம், ஆகவே முதலுக்கு நட்டமில்லை எனத் தேற்றுகின்றான். ஈற்றில் யாவும் சரிந்து விழுகின்றன. நாவல் அவ்வாண்டிலேயே நகைச்சுவை இலக்கியத்துக்கென வழங்கப்படும் பரிசைப் பெற்றது.

இங்கேதான் நமது வினா கூர்மை பெறுகின்றது. 52 பேரைக் கொன்ற ஆபத்தின் நிழலை எழுதும்போது, இவ்வாசிரியர் சோக கம்பீரத்தோடு எழுதுகின்றார். கோடிக்கணக்கானோரின் வயலையும் நீரையும் பறிக்கப்போகும் ஆபத்தை எழுதும்போது, நகைக்கின்றார். நகைச்சுவை தாழ்ந்தது என்பதன்று நம் கருத்து. விஞ்ஞானம் மூலதனத்தின் பங்காளியாகும்போது எவ்வாறு அழுகுகின்றது என்பதைப் பேட் என்னும் பாத்திரம் பளிச்செனக் காட்டுகின்றது. பேரழிவே முதலீட்டுக்குப் பிணையாகும் அக்காட்சி, இக்கால முதலாளித்துவம் பற்றிய மிகச் சிறந்த கேலிகளுள் ஒன்று. ஆயின் கேலி செய்யப்படுவது யார்? ஒரு தனிமனிதனின் தீனியும் காமமும் சோம்பலும். மனிதன் இயல்பிலேயே இப்படித்தான். ஆகவே உலகம் கெடுவது தவிர்க்கவியலாதது என்ற முடிவுக்கு வாசகன் சிரித்துக்கொண்டே வந்து சேர்கின்றான். நிலத்தை இழந்த விவசாயி, கரையை இழந்த மீனவன், 2003இல் மாடிவீட்டில் வெந்து மாண்ட கிழவி ஆகியோருள் ஒருவரேனும் இந்நூலிற் கதையின் நடுவே வந்து நிற்பதில்லை. பாதிக்கப்படுவோர் இல்லாத பேரழிவு நகைச்சுவையாகவே முடியும்.

இது மக்கியூவன் ஒருவரின் குறைபாடன்று. அமிதாவ் கோஷ் 2016இல் வெளியிட்ட கட்டுரை நூலொன்றில் இவ்வினாவை நேராக எழுப்பினார். 1978 மார்ச்சில் டில்லியிற் சூறாவளியொன்றில் தாம் அகப்பட்டதையும், அதனை எந்த நாவலிலும் தம்மால் எழுத இயலாது போனதையும் அவர் நினைவுகூர்கின்றார். நம்பத்தகாத நிகழ்ச்சிகளை விலக்கி, ஒழுங்காக நகரும் அன்றாட வாழ்வையே யதார்த்தம் எனக் கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டு மத்தியதர வகுப்பின் நாவல். ஆகவே புயலும் வெள்ளமும் கௌரவமான நாவலின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன என்பது அவர் வாதம். இவ்வாதம் பெரிதும் ஏற்கத்தக்கது. ஆயினும் ஒன்றை நாம் சேர்த்துரைக்க வேண்டும். குண்டும் நம்பத்தகாத நிகழ்ச்சியே. அதனை நாவல் வாயிலில் நிறுத்தவில்லை, நடுக்கூடத்துக்கு அழைத்து வந்தது. ஏனெனில் குண்டுக்குப் பின்னால் ஒரு மனிதன் உண்டு. அவனுக்கு மனம் உண்டு. மனத்தைத் துருவுதல் அந்நாவலுக்குக் கைவந்த தொழில். காபனீரொட்சைட்டுக்கு மனம் இல்லை. 2005இல் வளியிற் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 380 பங்காக இருந்த அது, 2024இல் 420ஐக் கடந்தது. இந்த ஏற்றத்துக்குப் பின்னால் இருப்பது ஒருவனின் மனமன்று, உற்பத்தி உறவுகள். மனிதர்க்கிடையிலான உறவுகளைச் சித்திரிக்க வல்ல நாவல்தான் இதனைச் சித்திரிக்கவும் வல்லது. குறை யதார்த்தவாதத்தில் இல்லை. யதார்த்தத்தை ஒரு வகுப்பின் வரவேற்பறையோடு நிறுத்திக்கொண்டதில் இருக்கின்றது.

கோஷ் தாமே 2004இல் எழுதிய 'ஹங்ரி ரைட்' என்னும் நாவல் இதற்குச் சான்று. வங்கத்தின் சுந்தரவனத் தீவுகளில் நிகழும் அக்கதையிற் புயல் பின்னணியன்று, பாத்திரமாகவே வருகின்றது. அதனை எதிர்நோக்குவோர் நண்டு பிடிப்போரும் படகோட்டிகளும். ஆயின் நமக்கு அந்நாவல் கூறும் மிகக் கசப்பான பாடம் வேறொன்று. 1979இல் மரிச்ஜாப்பி என்னும் தீவிற் குடியேறியிருந்த அகதிகளை, அது பாதுகாக்கப்பட்ட வனம் எனக் கூறி அரசு பொலிசாரைக் கொண்டு முற்றுகையிட்டு வெளியேற்றியது, பலர் உயிரிழந்தனர். அவ்வாறு செய்தது ஏகாதிபத்திய அரசன்று. நாம் தோழர் என அழைத்தோரின் இடதுசாரி அரசு. காட்டைக் காத்தல் என்னும் உயர்ந்த நோக்கமும் வறியவனின் முதுகில் தடியாக இறங்கலாம் என்பதை இது காட்டுகின்றது. ஆகவே பயங்கரவாத அச்சத்தின் இடத்திற் காலநிலை அச்சத்தைக் கொண்டுவந்து வைத்தாற் போதும் என எண்ணுவோர் நின்று சிந்திக்க வேண்டும். அவ்வச்சமும் எல்லையிலே முள்வேலியாகலாம். அகதியைத் திருப்பியனுப்பும் கப்பலாகலாம். எதற்கு அஞ்சுகின்றோம் என்பதோடு, யார் பக்கத்தில் நின்று அஞ்சுகின்றோம் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

இவ்விரு வினாக்களும் நம் நாட்டுக்குப் புறம்பானவையல்ல. 1979இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகமானது எனக் கூறி இயற்றப்பட்டது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட கொடுமையின் பின், அச்சம் மீண்டும் நியாயமாகவே எழுந்தது. அவ்வச்சம் எங்கே சென்று சேர்ந்தது? 2020 மே மாதத்தில், அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர், தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், 'நவரசம்' என்ற தமது கவிதைத் தொகுதியின் பொருட்டு அதே சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். வன்முறையைக் கண்டித்து எழுதிய கவிதைகளும் அத்தொகுதியில் இருந்தன. 2021 டிசெம்பரிலேதான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதையை வாசிக்கத் தெரியாத அச்சம் கவிஞனைச் சிறையில் இட்டது. இலக்கிய விமரிசனம் ஓய்வு நேரத்து வேலை என எண்ணும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக. ஒரு கவிதையின் பொருளை நேர்மையாக எடுத்துரைக்கும் வாசகர் நாட்டில் வேண்டும். இல்லையேல் அதன் பொருளைக் காவல்துறை எழுதும்.

மறு தட்டையும் நோக்குவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகில், மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள்மீது மலை சரிந்து விழுந்தது. அவ்விடம் மண்சரிவு அபாயமுள்ளது, மக்களை அகற்றுக எனத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தொழிலாளர் அங்கேயே இருந்தனர். போவதற்கு அவருக்குச் சொந்த நிலம் ஏது? ஒரு தனி மழையைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடல் விஞ்ஞானமாகாது. ஆயின் வெப்பமுறும் வளி மிகுந்த நீரைச் சுமக்கும், பெருமழை மேலும் பெருமழையாகும் என்பது விஞ்ஞானம். பெருமழை பெய்யும்போது யார்மீது மலை விழும் என்பது சமூக விஞ்ஞானம். ஒன்பது ஆண்டுகள் முன்னரே கிடைத்த எச்சரிக்கை அது. குண்டு வைக்கப்படும் என்று ஓர் ஒற்றன் ஒன்பது ஆண்டுகள் முன்னதாக இடத்தைச் சுட்டிக் கூறியிருந்தால், அரசு அவ்வண்ணம் வாளாவிருந்திருக்குமா?

ஆசிரியராயும் மாணவராயும் உள்ள நம் வாசகர் இவ்விடத்து என் செய்யலாம் எனக் கேட்பர். நாவலாசிரியர் யாவரும் இனிப் புயலையும் மண்சரிவையும் எழுதுக எனக் கட்டளையிடல் விமரிசகனின் வேலையன்று. அவ்வாறு எழுதப்பட்ட நூல்கள் பிரசுரங்களாகவே முடிந்த அனுபவம் நமக்குண்டு. ஆனால் வாசிக்கும்போது சில வினாக்களைக் கேட்பது நம் கடமை. இந்நூல் எதற்கு அஞ்சுகின்றது? அச்சம் யாருடைய வீட்டுச் சாளரத்திலிருந்து பார்க்கப்படுகின்றது? சாளரத்தின் கீழே தெருவில் நிற்போர் மனிதராகத் தோன்றுகின்றனரா, கூட்டமாகத் தோன்றுகின்றனரா? எந்த மரணத்துக்குத் திகதி உண்டு, எந்த மரணத்துக்கு இல்லை? வகுப்பறையில் ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டும் இவ்வினாக்களைக் கேட்கலாம்; காலைச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டும் கேட்கலாம்.

கிளென்ஈகிள்சில் அன்று வைக்கப்பட்ட இரண்டு பொருள்களும், ஆபிரிக்காவின் வறுமையும் காலநிலையும், உண்மையில் ஒரே பொருளே என்பதை இன்று பலரும் உணர்வர். அவ்விரண்டையும் ஒரு குண்டு மறைத்தது என்று மட்டும் கூறினால் நாம் பாதி உண்மையையே கூறியவராவோம். மறைக்கப்படுவதற்கு அவை முன்னரே ஆயத்தமாயிருந்தன. ஏனெனில் அவற்றாற் சாகின்றவர்களின் முகத்தை நம் இலக்கியமும் நம் செய்தியும் நமக்குப் பழக்கியிருக்கவில்லை. பயங்கரவாதத்துக்குப் பலியானோரின் பெயர்களை உலகம் கல்லிற் பொறித்து வைத்தது, அது நன்றே. மீரியபெத்தையின் மண்ணுள் மறைந்தோர்க்கும் பெயர்கள் உண்டு. அவற்றையும் உரக்க வாசிக்கும் நாளிலேதான் தராசின் இரு தட்டுகளும் ஒரே கையால் நிறுக்கப்பட்டன என நாம் கூறலாம்.